குமிழ் சுற்றாத முப்பத்தாறு படங்கள்

அன்று உன் வீட்டு வாசலில் நின்றவர்கள் எட்டுப் பேர். நாற்காலியில் உன் மாமியார். அவருக்குப் பின்னால் உன் வீட்டுக்காரர், அந்த வெயிலிலும் கோட்டுப் போட்டுக்கொண்டு. பக்கத்தில் உன் மகன். கீழ்ப்படியில் உன் மகள், பள்ளிப் பையை இறக்க மாட்டேன் என்று மார்போடு அணைத்தபடி. வலது ஓரத்தில் என் வீட்டுக்காரர். அவரை ஒட்டி, உங்களுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்ட சொந்தக்காரி லித்தியா, இந்தத் தீவின் பூர்வகுடிப் பெண், வழிக்கென்று அவித்த மரவள்ளியை வாழை இலையில் சுற்றிக் கொண்டுவந்தவள். நாடியில் இருக்கும் விமான நிலையத்துக்கு உங்களை ஏற்றிப்போக வந்த கேரியர் வண்டி டிரைவர், "நான் எதுக்கும்மா?" என்று நெளிந்தவரை நீதான் இழுத்து நிறுத்தினாய். இடது ஓரத்தில், தூணைப் பிடித்துக்கொண்டு நீ. நாயை நான் எண்ணவில்லை. அது ஓரிடத்தில் நிற்கவில்லை.

இவ்வளவும் என் நோட்டில் இருக்கிறது, அக்கா. படம்தான் இல்லை.

இன்று காலை பூஜை முடித்து அந்தப் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். கேமராவை ஈரம் தின்னாமல் இருக்க வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு வைப்போமே, அதே டின். அரிசி வாசமும் தோலுறை வாசமும் சேர்ந்து வந்தபோது, நீ பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பது போலவே இருந்தது. டின்னைத் திறந்த காரணம் உன் மகள். நேற்று ஆக்லாந்திலிருந்து போன் செய்தாள். அடுத்த மாதம் உன் முதல் திதி. அவள் இந்தியில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"ஆன்ட்டி, நாங்க கிளம்புன அன்னைக்கு நீங்க எடுத்த ரோலை கழுவுற கடையில கெடுத்துட்டாங்கன்னு அம்மா சொல்வாங்க. அந்தக் கெட்டுப்போன நெகட்டிவ் இருக்கா? இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடலாம். கொஞ்சூண்டு தெரிஞ்சாக்கூடப் போதும். பாட்டி, அப்பா, அம்மா மூணு பேரும் அந்த வாசல்ல ஒண்ணா நிக்கிற படம் எங்ககிட்ட வேற இல்ல."

"தேடிப் பாக்கறேன்மா," என்றேன். தேட என்ன இருக்கிறது? அந்த ரோலைப் பற்றி நான் சொன்ன பொய்களில் இது மூன்றாவது.

என்னைவிட இரண்டே மாதம் பெரியவள் நீ. "ரெண்டு மாசம்னாலும் மூத்தவ மூத்தவதான், அக்கான்னு கூப்பிடு," என்று கரும்பு ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவாய். உன் வீட்டுக்காரர் லௌத்தோகா டவுனில் ஆசைப்பட்டு வாங்கிய கேமராவை ஒரு மாதத்தில் அலமாரியில் போட்டுவிட்டார். "எங்க வீட்ல தூங்குது. உன் வீட்ல போயி முழிச்சிருக்கட்டும்," என்று நீ என் மடியில் வைத்தாய். கோவில் பாட்டுப் புத்தகத்தை எழுத்தெழுத்தாய்க் கூட்டித்தான் நான் தமிழ் படித்தேன். கேமராவோடு வந்த ஆங்கிலக் கையேட்டையும் அப்படியே கூட்டிப் படித்தேன்.

நமக்கென்று ஒரு முறை இருந்தது. அழுத்துவது நான். பக்கத்தில் நிற்பது நீ. ஒவ்வொரு படத்துக்கும் லீவரை இழுக்கும்போது, இடது பக்கம் மேலே இருக்கும் சின்னக் குமிழ் தானாகச் சுற்ற வேண்டும். சுற்றினால் உள்ளே ரோல் நகருகிறது. சுற்றாவிட்டால் வெறும் பெட்டியைத்தான் அழுத்திக்கொண்டிருக்கிறோம். "சுத்துது," என்று நீ சொன்ன பிறகே நான் மூச்சு விடுவேன். நோட்டில் எண், இடம், வெளிச்சம், நின்றவர் பெயர் எல்லாம் உன் கையெழுத்து. கோவில் தீமிதியில் நீளமான லென்ஸ் மாட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து நான் ஆசைப்பட்டதில்லை. ஒரே லென்ஸ் போதும், கிட்டப் பார்க்க வேண்டுமானால் கிட்டப் போய்க் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. சவேனி கடற்கரையில் உப்புக் காற்றுக்குப் பயந்து கேமராவை முந்தானையில் மூடிக்கொண்டு நடந்தேன். "பச்சப்புள்ளைக்குப் பால் குடுக்கறாப்ல இருக்கு," என்று நீ மணலில் உட்கார்ந்து சிரித்தாய்.

பிறகு, இந்திய வம்சத்துப் பிரதமரை இறக்கத் துப்பாக்கியோடு புகுந்து பாராளுமன்றத்தில் ஆட்களைப் பிடித்து வைத்த அந்த வருடம் வந்தது. ரோட்டில் தடுப்பு, பொழுது சாய்ந்தால் யாரும் வெளியே போவதில்லை. ரராவாய் பக்கம் நம்மவர்கள் தெரு வீடு வீடாகக் காலியாயிற்று. போகிறவர்கள் எல்லாரும் நம்மைக் கூப்பிட்டார்கள்: "ஊரை விட்டுப் போறோம், வாசல்ல வச்சு ஒரு படம்." சர்க்கரை ஆலைக் கரித்தூள் விழுந்த வெள்ளைச் சட்டையோடு அவர்களை நிறுத்தி எடுத்தோம். ஒரு நாள் திரும்பி வரும்போது நீ கேட்டாய்: "எல்லாரையும் எடுத்து அனுப்பறோமே, நம்மள யாருடி எடுப்பா?"

"நான்தான்," என்றேன். உங்கள் விசா வந்துவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்தக் காலையில் உங்கள் பயணத்துக்காக மாரியம்மன் முன்னால் விளக்கேற்றினேன். திரியை நிமிர்த்திய அதே எண்ணெய்க் கையோடு, சாமி அறையிலேயே ரோலை மாட்டினேன். மற்ற நாளெல்லாம் கையைத் துடைத்துவிட்டுத்தான் தொடுவேன். அன்று அம்மன் முன்னால் மாட்டிய ரோல் தப்பாது என்று ஒரு தைரியம். எண்ணெயில் வழுக்கி, ரோலின் நுனி கேமராவின் பல்சக்கரத்தில் பிடிக்கவே இல்லை. பிடிக்காததைச் சொல்ல வேண்டியவள் அன்று என் பக்கத்தில் இல்லை. முதல் தடவையாகக் கேமராவுக்கு எதிரே, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன்னைத்தான் பார்த்தேன். குமிழைப் பார்க்கவில்லை.

கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டாய்: "குமிழ் சுத்துச்சா?"

"சுத்துச்சு, சுத்துச்சு. நீ போ."

அது முதல் பொய்.

நீங்கள் போன பிறகு, மிச்சம் இருந்தால் வெறும் வாசலை எடுக்கலாம் என்று லீவரை இழுத்தேன். ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம்தான்; எண் அதைத் தாண்டியும் லீவர் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து, சாமி அறைக் கதவைச் சாத்தி, கேமராவின் பின்மூடியைத் திறந்தேன். ரோலின் நாக்கு நான் வைத்தபடியே நீட்டிக்கொண்டிருந்தது. "இன்னுமா சாமி கும்பிடுற?" என்று வெளியிலிருந்து என் வீட்டுக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன்.

கடையில் கெட்டுவிட்டது என்று உனக்கு எழுதினேன். இரண்டாவது பொய். யாரோ ஒரு கடைக்காரர் தலையில் என் எண்ணெய்க் கையைத் துடைத்தேன். "போகட்டும், அந்த ஆளைத் திட்டாதே," என்று நீ பதில் போட்டாய். அந்த ஒரு வரியை என்னால் தாண்டிப் படிக்க முடியவில்லை.

சில வருடம் கழித்து உன்னிடமிருந்து ஒரு பார்சல். உள்ளங்கை அளவு டிஜிட்டல் கேமரா. கூடவே உன் சீட்டு: "இதுல ரோலும் இல்ல, குமிழும் இல்ல. யாரும் பக்கத்துல நின்னு பாக்க வேண்டாம்." தெரிந்து எழுதினாயா, விளையாட்டாக எழுதினாயா? போனில் பேசிய போதெல்லாம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஆறு மாதம் அதைத் தொடவில்லை. கனமே இல்லை, கிளிக் என்ற சத்தம்கூட நிஜமில்லை, எடுத்தவுடனே எல்லாரும் வரிசையைக் கலைத்துக்கொண்டு ஓடிவந்து "காட்டு, காட்டு" என்கிறார்கள். ஆனால் அப்படி ஓடி வருவதிலுள்ள நல்லதும் மெல்லப் புரிந்தது. படம் இருக்கிறதா இல்லையா என்று, ஆட்கள் அங்கே இருக்கும்போதே தெரிந்துவிடுகிறது. ரோலில் எடுத்தால்தான் உயிர் இருக்கும் என்று இன்று யாராவது என்னிடம் சொன்னால் சண்டைக்குப் போவேன். உயிர் நின்ற மனிதர்களிடம் இருந்தது. அதை வாங்காமல் விட்டவள் நான்.

அதனால் இன்று காலையே முடிவு செய்துவிட்டேன். தேடியும் கிடைக்கவில்லை என்று சொல்லித் தப்ப மாட்டேன்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இத்தன வருசமா இத வயித்துல வச்சிருந்தியா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டினார். இரண்டு பேரும், நிலக்காரர்களிடம் எதைக் கேட்பதானாலும் முதலில் கையில் கொடுக்கும் யங்கோனா வேர் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு லித்தியாவிடம் போனோம். குத்தகை முடிந்து உன் வீட்டைப் பிரித்துவிட்டார்கள் என்பது உனக்கும் தெரியும். சிமெண்டுப் படிக்கட்டு மட்டும் இருக்கிறது. உன் பிள்ளைகளை அங்கே நிறுத்திப் படம் எடுக்க அனுமதி கேட்டேன்.

"பெஹினி, இதுக்கு யங்கோனா எதுக்கு? அவ பொண்ணுக்கு அவ படியில நிக்க யாரு கேக்கணும்?" என்று தங்கையை வைவது போல வைதாள். வைதுவிட்டு, முறைப்படி கைதட்டி வேரை வாங்கியும் கொண்டாள். "அன்னைக்கு நானும் நின்னேனே, என் படம் எங்க?" என்று சிரித்தாள். அவளிடமும் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ரோல் இன்னும் டின்னில் இருக்கிறது, நாக்கை நீட்டியபடி. அதை மாட்டி எடுக்கப் போவதில்லை, எறியவும் மாட்டேன். இப்போதும் தினம் விளக்கேற்றுகிறேன். ஏற்றிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் எதையும் தொடுகிறேன். டிஜிட்டலிலும் அழுத்துவதற்கு முன் என் கண் இடது பக்கம் மேலே ஒரு தடவை போய் வருகிறது.

இதை உன் பெயருக்கு எழுதி உன் மகளுக்கு அனுப்புகிறேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. அங்கே கோவில் குருக்கள் படித்துச் சொல்லட்டும்.

மகளே, கேட்டுக்கொள். நெகட்டிவ் கெடவில்லை, அப்படி ஒன்று இருந்ததே இல்லை. கடைக்காரர் மேல் தப்பில்லை, என் மேல்தான். உன் அம்மா கையால் எழுதாத ஒரே பக்கத்தை, அன்று நின்றவர்களின் பக்கத்தை, கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். எட்டுப் பேரில் நீ, உன் தம்பி, லித்தியா, என் வீட்டுக்காரர் நாலு பேரும் இருக்கிறீர்கள். அந்த டிரைவர் எங்கே போனாரோ தெரியவில்லை. திதி முடிந்ததும் இரண்டு பேரும் வாருங்கள். அந்தப் படியில் நிறுத்தி எடுக்கிறேன். நீங்கள் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஒருவரையும் நகர விட மாட்டேன். உன் அம்மா நின்ற இடது ஓரத்தில் யார் நிற்பது என்பதை நீ சொல்.

அந்தக் குமிழ் சுற்றவில்லை என்று உன் அம்மாவுக்குத் தெரியுமா? உன்னிடம் எப்போதாவது சொன்னாளா? என்னவாக இருந்தாலும் மறைக்காதே. எப்போது வருகிறீர்கள் என்பதையும் சேர்த்து, சீக்கிரம் பதில் போடு.