ஹைபனுக்கு ஒரு தட்டு

சென்னை, 14-9-1938

அப்பாவுக்கு மாது வணங்கி எழுதுவது. நான் சுகம். அம்மாவின் இருமல் தேவலையா?

அச்சாபீஸ் வேலை நிரந்தரமாவது இரண்டு மாதம் தள்ளிப்போயிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. நான் இங்கிலீஷ் மூலத்தைச் சத்தமாக வாசிக்க, வரதராஜுலு புரூப் திருத்துவார். இரட்டைச் சொல்லின் நடுவே ஹைபன் என்ற சிறு கோடு வந்தால் நான் மேசையில் ஒருமுறை தட்ட வேண்டும். திங்களன்று, பள்ளிக்கூடத்தில் அசை பிரித்துப் படித்த பழக்கத்தில், ஒரே தட்டு தட்ட வேண்டிய 'குட்-நேச்சர்ட்' போன்ற சொற்களை 'குட்-நே-சர்ட்' என்று அசைக்கு அசை தட்டிவிட்டேன். தட்டிய இடமெல்லாம், பக்கம் முழுவதும் அவர் ஹைபன் கோடு போட்டுவிட்டார்.

அச்சுக் கோக்கும் நல்லம்பள்ளி கோவிந்தண்ணன், "ஏம்ப்பா மாது, மரங்கொத்திகிட்ட படிச்சியா? எல்லாத்தையும் நான்தான திருப்பிக் கோக்கோணும்!" என்றார்.

"மேனேஜர்கிட்ட சொல்லிராதீங்கண்ணா," என்றேன். அதற்குள் மேனேஜர் பார்த்துவிட்டார்.

தினமும் ஒரு மணி நேரம் வாய்விட்டு வாசித்துப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். அறையில் கேட்க ஆளில்லை, சுவருக்கு வாசிக்கிறேன். கோவிந்தண்ணன் ஊருக்கு வந்தால் கேழ்வரகு மாவு கொடுத்தனுப்புங்கள். தீபாவளிக்கு லீவு கிடையாது. மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வண்டி கட்ட வேண்டாம்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. பதிலைத் தங்கச்சி தீர்த்தம்மாளைக் கொஞ்சம் நீளமாக எழுதச் சொல்லுங்கள். அதையும் வாய்விட்டே வாசித்துக்கொள்வேன்.

மாது