இலக்கியாவுக்கு அன்று காய்ச்சல் இல்லை

துறைமங்கலம், பெரம்பலூர்.
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள மச்சானுக்கு,

மணிமொழி எழுதுகிறேன். நானும் பாப்பாவும் உங்கள் அப்பாவும் நலமாக இருக்கிறோம். மஸ்கட்டில் இன்னும் வெயில் குறையவில்லை என்று செய்தியில் பார்த்தேன். வேலைக்குப் போகும்போது தலையில் துண்டை நனைத்துக் கட்டிக்கொள்கிறீர்களா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். செந்துறை பாலாஜி வியாழக்கிழமை அங்கே திரும்புகிறார். அவரிடம் முறுக்கோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் நான் ஒன்றைத் தொடங்கி வேறொன்றில் போய் நிற்பேன். உங்கள் அறையில் ஐந்து பேர் இருக்கிறார்கள். இது அப்படிச் சொல்கிற விஷயம் இல்லை.

பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. 'ஸ' வரும் இடமெல்லாம் காற்றுதான் வருகிறது. அப்பா நேற்று செந்துறைக்குப் போய் நம் பழைய வீட்டுக் கூரையைப் பார்த்துவிட்டு வந்தார். ஒழுகவில்லையாம்.

செவ்வாய்க்கிழமை.

மன்னியுங்கள். கூரை என்று எழுதியதும் மாடியில் காயப்போட்ட வடகம் ஞாபகம் வந்து எழுந்து போனேன். இந்தத் தாளுக்குத் திரும்பி வர இரண்டு நாள் ஆகிவிட்டது. நான் எப்படிப்பட்டவள் என்று இதை வைத்தே தெரிந்துகொள்ளுங்கள். இனிமேல் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் பத்தாம் தேதி நம் பாப்பா இலக்கியாவுக்குக் காய்ச்சல் இல்லை.

திருச்சி பாஸ்போர்ட் ஆபீசில் எங்கள் இருவருக்கும் பதினொன்றரை மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். ஐந்து மணிக்கே எழுந்தேன். எட்டு மணிக்கு இருவரும் தயார். பாப்பா ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய பிறப்புச் சான்றிதழை எடுக்க பீரோவைத் திறந்தேன். உங்கள் சட்டைகள் கலைந்து கிடந்தன. இரண்டை மட்டும் மடித்து வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். பிறகு எல்லாவற்றையும் கீழே எடுத்துப் போட்டேன். நீலக் கட்டம் போட்ட சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. ஊசி நூல் தேடினேன். பாப்பா வந்து, "அம்மா, பஸ்ஸுக்குப் போவலையா?" என்று கேட்டபோது மணி பத்து ஐம்பது. ரயிலா இருக்கிறது நம் ஊரில், ஓடிப்போய்ப் பிடிக்க? பஸ்ஸில் ஏறினாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

பிள்ளை மூன்று மணி நேரம் ஷூவோடு உட்கார்ந்திருந்திருக்கிறாள், மச்சான்.

மாலையில் நீங்கள் கூப்பிட்டபோது என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. காய்ச்சல் என்றேன். வீடியோவில் காட்டச் சொன்னீர்கள். அவளைப் படுக்க வைத்துப் போர்த்திவிட்டுக் காட்டினேன். "பரவால்ல மணி, பாப்பா ஒடம்புதான் முக்கியம்" என்றீர்கள். போனை வைத்த பிறகு அவள், "நெஜமாவே எனக்குக் காய்ச்சலாம்மா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மறு தேதி வாங்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் எனக்கு முப்பத்தாறு நாள் கிடைக்கவில்லை. புஷ்பவல்லி அக்காவின் கம்ப்யூட்டர் சென்டரில் அதே நாட்களில் நாற்பது பேருக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். ஒரு பிழை கிடையாது. என் விண்ணப்பத்தை மட்டும் தினமும் நினைப்பேன், கை போகாது. அதற்குள் கம்பெனிக்குப் பாஸ்போர்ட் நகல் அனுப்ப வேண்டிய கடைசி நாளான ஜூலை முதல் தேதி தாண்டிவிட்டது. கம்பெனி நமக்கு ஒதுக்கிய வீடு வேறு குடும்பத்துக்குப் போய்விட்டது என்று நீங்கள் சொன்ன அன்று சென்டரில் நான் அழுத அழுகையைப் பார்த்து அக்கா கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். அவருடைய தம்பிக்கும் இப்படித்தானாம். "இது திமிரும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. வா, ஒரு டாக்டரப் பாப்போம்" என்றார்.

திருச்சியில் ஒரு மனநல மருத்துவர். வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரச் சொன்னார்கள். அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்று பயந்தேன். உண்மையைச் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பற்றி டாக்டரிடம் குறை சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். இருபது வருடம் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர் அல்லவா, அவர் சொன்னது இதுதான்: "அது நாலாளு வேலைய ஒத்தையா இழுத்துப்போட்டுச் செய்யுதுங்க. இஞ்சின் ஓடிக்கிட்டேதான் இருக்கு. கியர்தான் விழமாட்டேங்குது. ராவும் பகலும் அது படுற பாட்ட நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது.

டாக்டர் இரண்டு முறை வரச்சொல்லி, பள்ளிக்கூட நாளிலிருந்து எல்லாம் கேட்டார். பரீட்சைக்குப் போன நான் பேனாவை மறந்தது, ரேஷன் கார்டை மூன்று முறை தொலைத்தது, நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கண் வேறெங்கோ போவது. நீங்கள் அதற்காக எத்தனை முறை கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் எழுந்திருக்கிறீர்கள். ஏ.டி.எச்.டி., அதாவது கவனக் குறைபாடு என்று எழுதிக் கொடுத்தார். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தேன். பிறந்ததிலிருந்து இருந்திருக்கிறது, பெண்பிள்ளை அமைதியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை என்றார். முப்பத்து மூன்று வயதில் எனக்கு ஒரு பெயர் கிடைத்தது. அதுவரை என் பெயர் பொறுப்பில்லாதவள்.

காலையில் ஒரு மாத்திரை. முதல் நாள் பாத்திரம் கழுவ ஆரம்பித்தவள் கடைசிக் கரண்டி வரைக்கும் கழுவி முடித்தேன். நடுவில் எங்கும் போகவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் தினமும் இப்படித்தான் இருக்குமா என்று அங்கேயே நின்று அழுதேன். மாத்திரையில் எல்லாம் சரியாகிவிடவில்லை. இந்தக் கடிதத்தையே பாருங்களேன். ஆனால் என்னால் ஆகிற வழி எது என்று இப்போது தெரிகிறது. என் பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும். அவர் உதவக்கூட வேண்டாம். சென்டரில் ஆள் எதிரில் நிற்பதால்தான் அந்த நாற்பது பேருக்கும் வேலை நடந்திருக்கிறது. மறு தேதி வாங்க அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஆகஸ்ட் இருபதாம் தேதி அப்பா எங்களோடு திருச்சிக்கு வந்தார். போன வாரம் எனக்கும் பாப்பாவுக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது. உங்களிடம் சொல்லாததற்குக் காரணம், அந்தப் பொய்யைச் சொல்லாமல் இந்த நல்ல செய்தியை மட்டும் சொல்ல மனம் வரவில்லை. நானே சொல்கிறேன் என்று அப்பாவிடமும் பாப்பாவிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியாக என்னோடு பேசியபோது, "ஒனக்கு இங்க வர்ற ஆச இருக்கா இல்லியா, அத மட்டும் சொல்லு" என்று கேட்டீர்கள். நான் பேசாமல் நின்றேன். வைத்துவிட்டீர்கள். இன்றோடு பத்தொன்பது நாள். பாப்பாவிடமும் அப்பாவிடமும் பேசுகிறீர்கள். நான் சமையலறையில் நின்று உங்கள் குரலைக் கேட்கிறேன். ஆசை இல்லாமலா அந்தச் சட்டைகளோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்? நான் மறக்காத ஒரே ஆள் நீங்கள். உங்களுக்காகச் செய்ய வேண்டியதைத்தான் மறந்தேன். இரண்டும் வேறு வேறு என்று நீங்கள் நம்புவது கஷ்டம். எனக்கே இப்போதுதான் புரிகிறது.

பொய் சொன்னதற்கு நீங்கள் எவ்வளவு கோபப்பட்டாலும் சரி. அதை நோயின் தலையில் போடமாட்டேன், அது நான் செய்தது. பாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அடுத்து உங்களிடம்.

குடும்பத்தை அழைத்துக்கொள்ள மறுபடி கம்பெனியில் கேட்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது உங்கள் விருப்பம். ஆனால் விசாவுக்காகத் திருமணச் சான்றிதழில் முத்திரை வாங்க ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை உங்களுக்கு விடுமுறை அல்லவா? காலையில் ஒரு மணி நேரம் வீடியோவில் வாருங்கள். போனை ஓரமாக வைத்துவிட்டு நீங்கள் துணி துவையுங்கள், சமையுங்கள், கண்ணை மூடிப் படுத்துக்கொண்டாலும் சரி. என்னோடு பேச வேண்டாம். கோபமாகவே இருங்கள். எதிரில் மட்டும் இருங்கள். நான் எழுதி முடித்துவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் நீங்கள்.

உங்கள்
மணிமொழி