கப்பலில் ஒரு நடுக்கதவு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், முழங்காலைத் தனியாகக் கேட்டால் அது வேறு பதில் சொல்லும். நீயும் மாப்பிள்ளையும் பெரியவனும் என் வாலுக்குட்டியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா. நேற்றுத்தானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று கேட்பாய். போனில் நீ எப்படி இருக்கேம்மா என்று கேட்டதுமே என் வாய் தானாக நல்லாயிருக்கேன் என்று சொல்லிவிடுகிறது, அதற்குள் உன்னை யாராவது கூப்பிடுகிறார்கள், நீயும் வைத்துவிடுகிறாய். காகிதத்தில் என்றால் குறுக்கே யாரும் வரமாட்டார்கள், அதுதான் உட்கார்ந்துவிட்டேன்.

நீ அனுப்பிய கப்பல் விவரங்களைத் தெருமுனை ஜெராக்ஸ் கடைப் பெண் இருபத்துமூன்று பக்கத்துக்கு அச்செடுத்துக் கொடுத்தாள். ஏழு நாள் குடும்பத்தோடு கடலில் போகப் போகிறேன் என்று அவளிடம் சொன்னதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். மாடி வீட்டுக்காரரிடம் சொன்னேன், மருந்துக் கடையில் சொன்னேன், பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே சொன்னேன், அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது, தலையை ஆட்டினார். காசைப் பத்தி யோசிக்காதே, உனக்கு எது வேணுமோ எல்லாத்தையும் டிக் பண்ணு என்று நீ எழுதியிருந்தாய். முப்பது வருஷம் ஹோட்டலில் அறைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை செய்து, மூன்று மாடிக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவளிடம் சொல்லுகிற பேச்சா இது. தங்க வருகிறவர்களின் பையில் எந்த நேரத்தில் எந்தச் சிரிப்போடு ஹோட்டல்காரர்கள் கை விடுவார்கள் என்று எனக்கு அத்துப்படி. அதனால் பேனாவும் கையுமாக எல்லாவற்றையும் படித்துவிட்டேன், கேட்டுக்கொள்.

குடிப்பதற்கு என்று ஒரு பாக்கேஜ் போட்டிருக்கிறார்களே, அது வேண்டாம். மாப்பிள்ளை ஒரு நாளைக்கு ஏழு டம்ளர் எதையாவது குடித்தால்தான் கட்டுப்படியாகும், கரையில் இறங்குகிற மூன்று நாளும் பாதிப் பொழுது அவர் கப்பலிலேயே இருக்கப்போவதில்லை. அது மட்டுமா, ஒரு அறையில் ஒரு பெரியவர் வாங்கினால் அடுத்தவரும் வாங்கியே தீர வேண்டும் என்று அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறான். சாப்பாட்டுக் கூடத்தில் காபியும் தண்ணீரும் சும்மாவே கிடைக்கிறது, ஆளுக்கொரு பாட்டில் எடுத்துப் போனால் போதும். இன்டர்நெட் நாலு பேருக்கு நாலு வேண்டாம், ஒன்று வாங்கி மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்குவதாக இருந்தால் இப்போதே வாங்கு, ஏறின பிறகு விலையும் கூடவே ஏறும். பயணத்துக்கு நடுவில் ஒரு நாள் ஒரு பை நிறையத் துணிக்கு ஒரே விலை என்று சலவைக்குச் சலுகை விடுவார்களாம், அதைப் பிடித்துக்கொள், துணியை மடிக்காதே, சுருட்டி அடுக்கு. எங்கள் ஹோட்டலில் ஒரு மனுஷர் அப்படி ஒரு பைக்குள் பதினாறு சட்டை திணித்தார், சலவைக்காரர் அந்தப் பையைப் பார்த்துக் கும்பிடு போட்டார். மசாஜ் வேண்டுமென்றால் எல்லோரும் கரைக்குப் போயிருக்கிற நாளில் போய்க் கேள், பாதி விலைக்கு வருவார்கள். போட்டோ எடுக்கிறவர்கள் ஏணியில் கால் வைத்ததிலிருந்து விடமாட்டார்கள். ஒன்றே ஒன்று வாங்கு. ஐந்து பேரும் இருக்கிற படம் ஒன்று. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

கலர் கலராகக் கட்டம் போட்டு யார் எந்த நேரத்தில் எங்கே என்று ஒரு அட்டவணையும் அனுப்பியிருந்தாய். பெரியவனுக்கு நீச்சல், வாலுக்குட்டிக்குக் குழந்தைகள் கிளப், மாப்பிள்ளைக்கு மீன் பார்க்கிற முக்குளிப்பு, உனக்கு மசாஜ், காலையில் இரண்டு மணி நேரம் ஆபீஸ் வேலை வேறு. அம்மா என்று போட்ட வரிசையில் ஒரு மசாஜ், ஒரு தனி உணவகம், கரையில் ஒரு பஸ் சுற்று, மற்றபடி ஏழு நாளும் ஓய்வு ஓய்வு ஓய்வு என்றே இருந்தது. உங்களுக்கு ஒன்பதாம் தளத்தில் பால்கனி வைத்த அறை, எனக்கு நாலாம் தளத்தில் ஜன்னல் இல்லாத அறை, அம்மாவுக்கு அமைதியா இருக்கும் என்று பக்கத்தில் எழுதியிருக்கிறாய். கண்ணு, அமைதி என்னிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது. வேண்டுமானால் உனக்கு ஒரு பெட்டி நிறைய அனுப்பி வைக்கிறேன். நீ பாசமாகத்தான் செய்தாய் என்று தெரியும், கோபமில்லை, அன்றைக்குக் கொஞ்சம் இருந்தது, இப்போது இல்லை.

என் படிவத்தை ஜெராக்ஸ் கடைப் பெண்ணே கம்ப்யூட்டரில் நிரப்பிக் கொடுத்தாள். தினமும் அறையைச் சுத்தம் செய்ய ஆள் வரலாமா என்று ஒரு கேள்வி. வேண்டாம் என்று போடச் சொன்னேன். நான் படுத்த படுக்கையை இன்னொருத்தி வந்து விரிப்பதா, முப்பது வருஷம் விரித்த கைக்கு அது அவமானமில்லையா என்று ஒரு திமிர். அவள் திரையைப் பார்த்துவிட்டு, அப்ப ஏழு நாளும் உங்க கதவை யாருமே தட்டமாட்டாங்கம்மா, பரவாயில்லையா என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். அப்பா போன பிறகு இந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். போன மாதம் ஒரே ஒரு தடவை தட்டினார்கள், மாடி வீட்டுக்கு வந்த பார்சல், வீடு மாறி வந்துவிட்டது. அந்தப் பையனை நிற்க வைத்து முழங்கால் வலியைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசியிருக்கிறேன், பாவம் அவன். இங்கே இருக்கிற மாதிரியே அங்கேயும் நாலு சுவருக்குள் உட்கார்ந்திருக்க எனக்குக் கப்பல் எதற்கு. வரலாம் என்று மாற்றிப் போடச் சொல்லிவிட்டேன்.

இனிமேல் எழுதப்போவதைப் போனில் சொல்ல இரண்டு வருஷமாக முயற்சி செய்கிறேன். அப்பா போனபோது வந்து ஒன்பது நாள் இருந்தாய். உன் பழைய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாய். எங்கள் வேலையில் சேர்ந்த அன்றைக்கே சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு, சாத்திய கதவை இரண்டு தடவை தட்டு, பதில் இல்லாவிட்டால் நகர்ந்துவிடு, கைப்பிடியில் தொந்தரவு செய்யாதே என்ற அட்டை தொங்கினால் தட்டவே தட்டாதே. நீ குளித்துவிட்டு ஈரத் துண்டை வெளிப்பக்கக் கைப்பிடியில் மாட்டியிருந்தாய், சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் கெட்ட பழக்கம். அது துண்டுதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கைப்பிடியில் எது தொங்கினாலும் என் கை மேலே எழுவதில்லையடி. தினமும் டீயை வாசலில் ஸ்டூல் மேல் வைத்துவிட்டு நின்றேன். உள்ளே நீ அழுவது கேட்டது. நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன், ஒன்பது நாளும் அப்படித்தான். கிளம்பும்போது வண்டியில் ஏறிவிட்டு, ஒரு தடவைகூட நீ என் ரூமுக்குள்ள வரலியேம்மா என்றாய். டீ வெச்சேனே என்று சொன்னேன். அதையா சொல்வது. அப்பாவுக்காக நீ உள்ளே அழுதாய், நான் வெளியே அழுதேன், நடுவில் ஒரு துண்டு.

அதனால் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாயே, சொல்கிறேன். எனக்கென்று எடுத்த மசாஜ், தனி உணவகம், கரையில் பஸ்ஸில் ஊர் சுற்றுவது எல்லாவற்றையும் ரத்து செய்துவிடு. அந்தப் பணத்தில் நாலாம் தள அறையை மாற்றி உங்கள் பக்கத்து அறையை எனக்கு எடு. ஜன்னல் இருக்கிறதா என்றுகூடப் பார்க்க வேண்டாம். இரண்டு அறைக்கும் நடுவில் கதவு உண்டு, அதற்குத் தனிக் காசு கிடையாது, கேட்கிறவர்களுக்குக் கொடுப்பார்கள், கேட்காதவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கப்பல் கம்பெனிக்கு நானே போன் போட்டேன். நடுக்கதவுச் சாவி மாடிப் பொறுப்பாளரிடமா வரவேற்பிலா, விரிப்பு மாற்றுவது எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்றெல்லாம் விசாரித்தேனா, அந்தப் பிள்ளை மரியாதையாக, நீங்க அந்தக் குடும்பத்துல வேலைக்கு இருக்கறவங்களா மேடம் என்று கேட்டான். ஆமாம்பா, ரொம்ப வருஷமா என்றேன். அந்த அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம், இருபதாம் தேதி வரை பிடித்து வைப்பானாம், ஆனால் பதிவு செய்த நீ சொன்னால்தான் மாற்றுவானாம்.

மாப்பிள்ளைக்குச் சங்கடமாக இருந்தால் சொல்லிவிடு, வருத்தப்படமாட்டேன். பொய், வருத்தப்படுவேன், ஆனாலும் வருவேன். அவரிடம் ஒன்று சொல். நடுக்கதவு என்பது ஒரு கதவு இல்லை, ஒட்டி ஒட்டி இரண்டு கதவு, அந்தந்த அறைக்காரர்கள் அவரவர் பக்கம் தாழ் போட்டுக்கொள்ளலாம், இரண்டு பக்கமும் திறந்தால்தான் வழி. எங்கள் ஹோட்டலில் அப்படித்தான், கப்பலிலும் அப்படித்தான் இருக்கும். உங்கள் பக்கம் எப்போது வேண்டுமானாலும் பூட்டிக்கொள்ளுங்கள். என் பக்கத்துத் தாழை நான் ஏழு நாளும் போடப்போவதில்லை.

பிள்ளைகளை நேரத்துக்குத் தூங்க வை. நீயும் நின்றுகொண்டே சாப்பிடாதே. ஒரு குறையும் இல்லாமல் நாலு பேரும் நூறு வயசு நன்றாக இருங்கள். இருபதாம் தேதியை மறந்துவிடாதே. அப்புறம் ஒன்று, கப்பலில் ஈரத் துண்டைக் கைப்பிடியில் மாட்டாதே, பால்கனியில் நாற்காலி இருக்கும், அதன் மேல் போடு.

எப்போதும் உன்,
அம்மா