செபஸ்தியான் பெயர் ஒட்டிய கரிப் பாட்டில்

அனுப்புநர்:
செ. ஜெசிந்தா,
க/பெ செபஸ்தியான்,
மீன் வியாபாரம்,
ஓடைக்குப்பம், பெசன்ட் நகர், சென்னை-90.

பெறுநர்:
நிர்வாக அலுவலர் அவர்கள்,
மரக்கழிவு ஆய்வுக்கூடம்,
அடையாறு, சென்னை-20.

பொருள்: பூட்டிய ஆய்வறையிலுள்ள கரிப் பாட்டிலை ஒப்படைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

1. என் கணவர் செபஸ்தியான் 1995 நவம்பரில் கட்டுமரத்தில் தனியாகக் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கட்டுமரத்தின் நான்கு கட்டைகளில் ஒன்று மட்டும் மூன்றாம் நாள் கரை ஒதுங்கியது. அவர் கால் வைத்து நின்ற கட்டையை அடுப்பில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

2. மறு ஆண்டு தங்கள் ஆய்வாளர் செல்வி மஹதி, உதவாத மரம் கேட்டுக் குப்பத்துக்கு வந்தார். காற்றுப் படாமல் மரத்தைச் சுட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய கரியாக்கி, தகட்டில் பூசித் தண்ணீரில் வைத்து மின்சாரம் செலுத்தினால் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் வாயு பிரியும், அதை எரித்தால் புகையே வராது என்றார். கட்டையைக் கொடுத்தேன். சோதனையன்று மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். தகட்டிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் விடாமல் மேலே வந்தன. என் கணவர் மூச்சு விடுவதைப் பார்ப்பது போல் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அதன் பிறகு வியாபாரம் முடிந்த நாளெல்லாம் போனேன். செல்வி மஹதி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

3. சென்ற மாதம் ஆய்வு நிறுத்தப்பட்டு, அவர் புனேவுக்கு மாற்றலானார். அந்தக் கட்டையில் மிச்சம் ஒரு பாட்டில் கரிதான். மரம் தந்தவர் பெயரைப் பாட்டிலில் ஒட்டுவது அவர் வழக்கம். பெயர் கேட்டபோது நான் என் பெயரைச் சொல்லாமல் கணவர் பெயரைச் சொன்னேன். அது என் தவறு. இப்போது தங்கள் பட்டியலில் ‘உரியவர்: செபஸ்தியான்’ என்று ஏறிவிட்டது. அவர் நேரில் வந்து கையெழுத்திட்டால்தான் தருவார்களாம். இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ் வேண்டுமாம். உடல் கிடைக்காதவருக்கு அதை வாங்க ஏழு வருடம் காத்திருக்கச் சொல்கிறார்கள். தங்கள் வாசல் காவலர் அய்யாதுரை, “இன்னாம்மா, ஒரு பிடி கரிக்கா இத்தினி நாளா நடந்துகினு கீற?” என்று கேட்டார். ஆமாம் அய்யா, அதற்குத்தான் நடக்கிறேன். கடலிலிருந்து எனக்குத் திரும்பி வந்தது அது ஒன்றுதான்.

4. வரும் வெள்ளியன்று அறையைக் காலி செய்து எல்லாவற்றையும் குப்பைக்கு அனுப்பப் போவதாக அறிகிறேன். குப்பைக்குப் போக யார் கையெழுத்தும் தேவையில்லையாம். அதற்கு முன் என் கையெழுத்தைப் பெற்றுக்கொண்டு பாட்டிலைத் தர உத்தரவிடுமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் விதியை நான் குறை சொல்லவில்லை. உரியவர் நேரில் வர வேண்டும் என்றுதான் நானும் இரண்டரை வருடமாக மாதாவிடம் கேட்கிறேன். அவர் வந்துவிட்டால் பாட்டிலைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
செ. ஜெசிந்தா

இடம்: சென்னை-90
நாள்: 18.5.1998