மேல் வரிசையில் முதல் கட்டம்

என் அன்பு மருமகளே,

நீயும் என் பிள்ளையும் வாண்டும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. அதைக் கடைசியில் எழுதுகிறேன். நீ இல்லாமல் வீட்டு வாசல் வெறிச்சென்று இருக்கிறது. வேலை விட்டு வந்ததும் சத்தம் காட்டாமல் நின்று, உன் மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கும்வரை சிரித்துக்கொண்டிருப்பாயே, அதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது இந்த அத்தை எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று யோசிப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன். அது உன் மாமாவின் சட்டைப் பையை விட்டு நகராது. நான் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். இது அவர் காதில் விழக் கூடாத சங்கதி.

அப்டேட் சண்டை உனக்குத் தெரிந்ததுதான். போன் தினமும் கேட்கிறது, இவர் தினமும் பிறகு பிறகு என்று தள்ளுகிறார். முதலில் பேங்க் ஆப் திறக்கவில்லை. எனக்குக் கால் இருக்கிறது, நடந்து போய் வருகிறேன் என்றார். அப்புறம் ஆஸ்பத்திரியில் டோக்கன் போடப் புதிதாக ஒரு ஆப் வந்தது. இந்தப் போனில் அது ஏறவே மாட்டேன் என்றது. போன மாதம் வீடியோவில் பேசுகிற ஆப்பும் கதவைச் சாத்திக்கொண்டது. வாண்டுவின் முகம் பார்ப்பது அதோடு நின்றுபோயிற்று.

ஒரு பட்டனை அழுத்தினால் முடிந்ததே, பேத்தியைவிட உங்கள் பிடிவாதம் பெரிதா என்று என் பிள்ளை கத்தினான். ஓடுகிற மிஷினை எதுக்குடா கழட்டணும் என்றார் இவர். நானும் சும்மா இருக்கவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனுஷனோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டினேனே என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவர் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

ஊருக்குப் போகும் முன் நீ, தட்டினால் அவரவருக்குப் போன் போகும்படி படம் போட்டுக் கட்டம் கட்டமாக அடுக்கிக் கொடுத்தாய் அல்லவா? மேல் வரிசையில் முதல் கட்டம் நீங்கள் மூவரும். பக்கத்தில் டாக்டர். கீழே ஃபிரிட்ஜ் ரிப்பேர்காரர். அவர் படம் கிடைக்காமல் ஒரு ஃபிரிட்ஜையே வைத்துவிட்டுப் போனாய். போன ஞாயிற்றுக்கிழமை நான் போனைத் துடைத்தபோது விரல் அழுந்தி ஃபிரிட்ஜ் மேலே ஏறிக்கொண்டது, நீங்கள் கீழே இறங்கிவிட்டீர்கள். திரும்ப மாற்ற எனக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் உன் மாமா வழக்கம்போல ஜன்னல் பக்கம் பார்த்தபடி முதல் கட்டத்தைத் தட்டினார். எடுத்ததுமே, என்னப்பா, சாப்பிட்டியா, வாண்டு தூங்கிட்டாளா என்று குழைந்தார். சாப்பிட்டேன் ஐயா, ஆனா எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே என்றார் ரிப்பேர்காரர், பாவம். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். உன் மாமாவும் சிரித்தார். சிரித்துவிட்டு மறுபடியும் அதே கட்டத்தைத் தட்டினார். மறுபடியும் அதே ரிப்பேர்காரர்.

அப்போதுதான் என் சிரிப்பு நின்றது. ஃபிரிட்ஜுக்கும் பேத்திக்கும் வித்தியாசம் தெரியாதவரா உன் மாமா?

காலமெல்லாம் டைப்பிஸ்டாக இருந்தவர். கீயைப் பார்த்து அடிக்கிறவனுக்கு வேலையே தெரியாது என்பார். அதனால் போனையும் பார்க்காமல் தட்டியபோது எனக்குச் சந்தேகம் வரவில்லை. வீடியோவில் வாண்டு வந்தால், நீயே சொல்லு, என்ன பண்றா என்று என்னைக் கேட்பார். பல் முளைத்திருக்கிறது, ரிப்பன் கட்டியிருக்கிறாள் என்று நானும் வாய் ஓயாமல் சொல்வேன். என் பேச்சைக் கேட்க அவருக்கு அவ்வளவு ஆசை என்று எனக்குப் பெருமை வேறு. அப்டேட் போட்டால் கட்டமெல்லாம் இடம் மாறும். மாறினால் தேடக் கண் வேண்டும். இது எனக்கு உறைக்க ஒரு ரிப்பேர்காரர் வர வேண்டியிருந்தது.

அவரிடம் எதுவும் கேட்கவில்லை. என் கண் உறுத்துகிறது, துணைக்கு வாங்க என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டோக்கன் ஆப்பில்தான் என்றார்கள். அது எங்கள் போனில் ஏறாது என்றேன். எல்லோரும் போன பிறகு கடைசியாகக் கூப்பிட்டார்கள். வந்தது வந்தோம், இவரையும் பார்த்துவிடுங்கள் என்றேன். டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுத்துவிட்டதாம். ஒரு கண்ணில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மறு கண்ணில் மங்கலாகக் கொஞ்சம். போனது திரும்ப வராது, சொட்டு மருந்தை விடாமல் போட்டு இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்ததும், படி ஈரமா இருக்கு, கையைப் பிடிச்சுக்கோ என்றார். படி காய்ந்துதான் கிடந்தது. பிடித்துக்கொண்டேன். வீடு வரும்வரை இருவரும் கையை விடவில்லை.

மறுநாள் மருந்து போட்டபோது, பிள்ளைகிட்ட சொல்லிடாதே, பாதி வேலையில ஓடி வருவான் என்றார். சரி என்று தலையை ஆட்டினேன், அப்புறம் ஞாபகம் வந்து வாயாலும் சொன்னேன். மருமகளிடம் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் வாக்குத் தவறவில்லை.

அப்டேட் போடச் சம்மதித்துவிட்டார். அடுக்கினவளே வந்து அடுக்கட்டும் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மா. அந்தக் கொஞ்சம் இருக்கும்போதே வாண்டுவைத் தூக்கிக்கொண்டு வா. பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் அவர் மடியில் உட்கார வை. தெரியுதா மாமா என்று மட்டும் கேட்காதே. பிறகு போனைப் புதிதாக்கி, எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே வைத்து, அவர் விரலைப் பிடித்து ஒவ்வொரு கட்டமாகக் காட்டிக் கொடு. உன் வீட்டுக்காரனிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பது உன் பொறுப்பு. கத்தியதை நினைத்து அவன் மனசு உடைந்துவிடக் கூடாது.

நாங்கள் நலம் என்று எழுத இப்போதும் கை வரவில்லை. சேர்ந்துதான் இருக்கிறோம் என்று எழுதிக்கொள்கிறேன். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

ஒன்று மறக்காதே. வாசலுக்கு வந்ததும் பழையபடி சத்தம் காட்டாமல் சிரித்துக்கொண்டு நிற்காதே. மாமா, நான்தான் வந்திருக்கேன் என்று நீயே முதலில் குரல் கொடுத்துவிடு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அத்தை