அப்பாவின் பக்கத்து வருத்தம்

ரொறன்ரோ
14.02.1999

அன்புள்ள சுசிலா அக்காவுக்கு,

நீங்களும் யோசெப் அத்தானும் மகள் நிதர்சனாவும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். எனக்கு மார்பில் புற்றுநோய். ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். பயப்படாதீர்கள், எழும்பி நடக்கிறேன்.

இரத்தத்தையும் சோதித்தார்கள். ஊரில் நாங்கள் கிழிந்த மீன்வலையைப் பொத்துவது போல, உடம்பின் நுண்ணிய கலங்களுக்குள் விழும் கிழிசல்களைத் திருத்த மரபணுக்கள் உண்டாம். அதில் ஒன்று எனக்குப் பிறவியிலேயே பழுது. அது குடும்பத்தில் இறங்கி வருமாம். அம்மா முதுமை வரை நோயில்லாமல் இருந்தா. அப்பாவின் தங்கச்சிமார் இரண்டு பேரும் இளமையில் செத்தது எதனால் என்று டொக்டர் கேட்கிறா. நான் அப்போது கைக்குழந்தை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்களும் ஒருக்கா உடம்பைக் காட்டுங்கோ.

உங்கள் தங்கச்சி
றஞ்சனி

அக்கராயன்
02.05.1999

என் தங்கச்சி றஞ்சனிக்கு,

உனக்கு இப்படி வந்ததை நினைத்து அழுதபடி எழுதுகிறேன்.

வெளிநாட்டுக் கடிதம் வந்தால் வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் கேட்க வாசிப்பதுதானே எங்கள் பழக்கம். அன்று நிதர்சனாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் இருந்தார்கள். அத்தான் பெருமையோடு உரத்துத் தொடங்கிவிட்டார். "குடும்பத்தில் இறங்கி வருமாம்" என்ற இடத்தில் பெடியனின் தாய் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தா. "பிறகு வாறம்" என்று போனவர்கள் வரவேயில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: அப்பாவின் தங்கச்சிமாரான இரண்டு மாமிமாரும் செத்தபோது எங்கள் ஊர் கொக்கிளாயில் அவர்களைக் குளிப்பாட்டி உடுத்திய பெண்களில் நானும் ஒருத்தி. இருவருக்கும் மார்பில் புண். வெளியே கதைக்கக் கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கினார். ஆனால் அது அப்பாவின் பக்கம். நான் அம்மாவை உரித்து வைத்தவள், எனக்கு வராது. இனி இதைப் பற்றி எழுதாதே.

அக்கா
சுசிலா

ரொறன்ரோ
11.07.1999

அன்புள்ள அக்கா,

அந்தப் பழக்கத்தை மறந்து எழுதியது என் பிழை. நிதர்சனாவிடம் எனக்காக மன்னிப்புக் கேளுங்கள்.

ஆனால் முகச்சாயலை வைத்து இதைச் சொல்ல முடியாது. தகப்பன் வழியாகவும் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வரலாம், வராமல் விடலாம், இரண்டுக்கும் சம வாய்ப்பு. பழுது இருக்கிற எல்லாருக்கும் புற்றுநோய் வருவதில்லை, வரும் ஆபத்துத்தான் கூடுதல். நேரத்தோடு கண்டால் பிழைக்கலாம், அக்கா. வவுனியா ஆசுபத்திரிக்குப் போங்கோ. இந்தக் கடிதத்தை உங்கள் கோயில் சுவாமியாரின் பெயருக்குப் போடுகிறேன், அவர் உங்கள் கையில் மட்டும் தருவார். உங்களுக்கு மார்பில் ஏதாவது தட்டுப்படுகிறதா? அதை மட்டும் எழுதுங்கோ.

றஞ்சனி

அக்கராயன்
03.10.1999

றஞ்சனி,

சுவாமியார் தந்ததைக் கோயிலுக்குள் தனியே இருந்து வாசித்தேன்.

நிதர்சனாவுக்கு வேறு இடம் சரிவந்திருக்கிறது. மார்கழியில் நத்தார்ப் பெருநாள் முடியக் கலியாணம். "உங்கட ஆக்களுக்கு ஏதும் பரம்பரை வருத்தம் இருக்கோ?" என்று கேட்டார்கள். வேதப்புத்தகத்தில் கை வைத்து, "ஒண்டும் இல்லை" என்றேன்.

எனக்கு வலது பக்கம் கட்டி இருக்கிறது. உன் முதல் கடிதம் வரும் முன்பே இருந்தது. இப்போது கை தூக்க ஏலாது. போர் எல்லை தாண்டி வவுனியாவுக்குப் போக அனுமதி எடுப்பதென்றால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் மறுநாள் ஊருக்கே தெரியும். கலியாணம் முடியட்டும், போகிறேன். அதுவரை நீ எழுதாதே. உனக்கு என்ன வருத்தம் என்று அங்கே எங்கள் ஆட்கள் கேட்டாலும் சொல்லாதே.

தை மாதம் நிதர்சனாவின் பெயருக்கு ஒரு கடிதம் போடு. மாமிமாரை, உன்னை, என்னை எல்லாம் விளக்கமாக எழுது. அவள் தன்னை டொக்டரிடம் காட்ட வேண்டும். பொய்ச்சத்தியம் செய்த வாயால் நான் அதை அவளுக்குச் சொல்ல ஏலாது.

சுசிலா