ஊமை செட்டும் பிஸ்கட் டப்பாவும்

சுக்கொரெஜோ,
ஆகஸ்ட் கடைசி வெள்ளி

அன்பு மகன் வாசிஸுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், அப்பா, உன் தங்கை ரத்மி, புதிதாக வந்து சேர்ந்திருக்கும் ஒரு ஆடு, நால்வரும் சுகம். தைவானில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் சொல். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பிடுங்கிக்கொள்கிறார். கார்னிவல் கதையை அவர் வாயால் கேட்டுவிட்டாய் அல்லவா, "செட்டு நின்னுபோச்சு, நான் ஒரு தட்டு தட்டினேன், ஓடிருச்சு" என்று அவர் உன்னிடம் அளந்துகொண்டிருந்தபோது நான் சோயா தெம்பே பொரித்துக்கொண்டிருந்தேன். கரண்டியோடு வெளியே வந்து ஒரு பார்வை பார்த்தேன், உடனே சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி, பக்கத்து வீட்டு யந்தி தைவான் திரும்பும்போது அவள் பையில் பெச்செல் கடலை மசாலாவோடு வைத்து அனுப்புகிறேன். மசாலாவை அறை நண்பர்களுக்கும் கொடு, கடிதத்தை நீ மட்டும் படி.

உனக்குத் தெரிந்த பழைய கதையிலிருந்தே தொடங்குகிறேன், அப்போதுதான் எனக்குக் கோவையாக வரும். இரண்டு வருஷமாக, ஊருக்கொரு செட் போட்டி போடும் சுதந்திர தின கார்னிவலில் நம் சவுண்ட் செட் ஊர்த்தலைவர் மேடைக்கு முன்னால் போய் நின்றதும் வாயடைத்துப் போனது. லாரி நிறைய வீட்டுயரத்துக்கு ஸ்பீக்கரை அடுக்கிக்கொண்டு போய் ஒரு சத்தமும் இல்லாமல் திரும்பி வந்தோம். ஊரெல்லாம் நமக்கு ஊமை செட் என்று பெயர் வைத்தார்கள், ரத்மியைப் பள்ளியில்கூட ஊமை என்றுதான் கூப்பிட்டார்கள், அவளுக்கா பேச வராது. போன வருஷம் நீ லீவில் வந்தபோது செட்டை ஓட்டுகிற கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, பேஸ் ஸ்பீக்கர் அதிர்கிற அதிர்வில் சுழலும் டிஸ்க் சாகத்தான் செய்யும், எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் வைத்திருந்தால் அது சாகும்போது எல்லாமே சாகும் என்றாய். பிறகு சிஸ்டத்தைப் பழைய சின்ன டிஸ்க்கில் தனியாகப் போட்டாய், மிக்ஸிங் புரோகிராமையும் பாட்டுகளையும் சுழலாத புதுப் பெரிய டிஸ்க்கில் தனியாக வைத்தாய். "கம்ப்யூட்டரை எழுப்புற சிஸ்டம் எங்க வேணா கிடைக்கும்மா, அப்பாவோட மிக்ஸிங் எங்கயும் கிடைக்காது" என்று நீ சொன்னது காதிலேயே இருக்கிறது. சின்ன டிஸ்க்குக்கு அச்சு அசலாக ஒரு இரட்டையும் செய்து என் கையில் கொடுத்து, "சின்னது செத்தா கழட்டிட்டு இதை மாட்டு, பெரியதைத் தொடாதே" என்று சொல்லி, வேலையெல்லாம் கிடக்க என்னை உட்காரவைத்துத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்ட வைத்தாய். நான் திட்டிக்கொண்டேதான் செய்தேன். உன் அப்பா பக்கத்தில் நின்று, "ஒரு வீட்டுக்கு எதுக்குடா ரெண்டு அடுப்பு" என்று சிரித்தார். நான் இரட்டையைப் பஞ்சு சுற்றி பிஸ்கட் டப்பாவில் வைத்து என் துணிகளுக்கு அடியில் போட்டேன்.

இந்த வருஷம் கமிட்டிக்காரர்கள் வீடு தேடி வந்து, இன்னொரு தடவை ஊமையானால் அடுத்த வருஷத்திலிருந்து கரங்சாரி ஜுமாங்கின் செட்டைத்தான் நம் ஊருக்குக் கூப்பிடுவோம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்கள். நம் ஊர்ப் பெயரில் அடுத்த ஊர்க்காரன் செட். உன் அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. பத்து நாளாகத் தூக்கமில்லாமல் மிக்ஸிங்கைத் திருத்தித் திருத்திச் சேர்த்தார், கார்னிவல் காலையில்கூட உட்கார்ந்து கடைசிப் பாட்டை மாற்றினார். இவ்வளவு செய்தவர், கம்ப்யூட்டர் பெட்டியை பஞ்சு மெத்தையில் ஓரமாக வை என்று நீ சொன்னதை மட்டும் காற்றில் விட்டார். பெட்டிக்குள் கலர் விளக்கு எரிகிறதாம், ஜனம் பார்க்க வேண்டுமாம், கொண்டுபோய் பேஸ் ஸ்பீக்கர் தலையிலேயே ஏற்றிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை, டப்பாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு லாரிக்குப் பின்னாலேயே நடந்தேன்.

அசர் தொழுகை முடிந்து ஊர்வலம் கிளம்பியது. கரங்சாரிக்காக ஜுமாங்கின் செட் முன்னால் போய் நன்றாகவே போட்டது, பொய் சொல்லக் கூடாது. நம் லாரி மேடைக்கு முன்னால் வந்து நின்றது, முதல் பாட்டு பாதிகூடப் போகவில்லை, திரை இருண்டு சத்தம் செத்தது. ஒரு நிமிஷம் ஜெனரேட்டர் சத்தம் மட்டும்தான் கேட்டது. அப்புறம் ஆரம்பித்தார்கள், கைதட்டிக்கொண்டு, "ஊமை, ஊமை" என்று. ஜுமாங்கின் மைக்கைப் பிடித்து, "கஸ்மின் அண்ணே, டார்ச் லைட்டு பேட்டரி இருக்கு, வேணுமா" என்று உன் அப்பாவைக் கேட்டான், ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. உன் அப்பா பெட்டியைத் தட்டினார், அது உண்மைதான், ஒரு தட்டு இல்லை, ஒன்பது தட்டு தட்டியிருப்பார். நம் செட்டில் ஒயர் வேலை பார்க்கிற பகியோ அதற்குள் மேலே ஏறி, "சிஸ்டம் டிஸ்க்கு காலிண்ணே, பெரிய டிஸ்க்கு நல்லாத்தான் இருக்கு, அதை அழிச்சு அதுலயே புதுசா சிஸ்டம் ஏத்திடுறேன்" என்றான். உன் அப்பா வேர்த்துக் கொட்ட நின்றவர், சரி என்று தலையை ஆட்டிவிட்டார். வாசிஸ், அத்தனை நாள் உழைப்பும் அந்தப் பெரிய டிஸ்க்கில்தான் இருக்கிறது, அதையா அழிப்பான்.

நான் எப்படி லாரியில் ஏறினேன் என்று எனக்கே தெரியவில்லை, ஒரு செருப்பு கீழேயே கிடந்திருக்கிறது. "பகியோ, கையை எடுடா அதுலேர்ந்து" என்று போட்ட சத்தம் மைக் இல்லாமலே மேடைவரை கேட்டதாம். உன் அப்பா, "ஊரே பாக்குது, இறங்குடி" என்றார். "ஊரு சிரிக்கிறப்ப பாத்துக்கிட்டு நின்னீங்கல்ல, இப்பவும் நில்லுங்க" என்று சொல்லி ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டேன். பெட்டியைப் பேஸ் தலையிலிருந்து இறக்கி மடியில் வைத்து, கரண்ட் ஒயரைப் பிடுங்கி, செத்த சின்ன டிஸ்க்கைக் கழற்றி, டப்பாவிலிருந்த இரட்டையை மாட்டினேன். பெரியதைத் தொடவே இல்லை. நீ திட்டு வாங்கிக்கொண்டு பழக்கிய வேலையை விரல் மறக்கவில்லை. பிஸ்மில்லா சொல்லிப் பொத்தானை அமுக்கினேன். திரை வெளுத்தது. சிஸ்டம் எழுந்தது, எழுந்ததும் மிக்ஸிங் புரோகிராம் எதுவும் நடக்காததுபோல் பெரிய டிஸ்க்கிலிருந்து திறந்தது, உன் அப்பா காலையில் மாற்றிய கடைசிப் பாட்டுவரை வரிசை குலையாமல் அப்படியே இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், சத்தப் பட்டனை ஏற்றினார்.

அப்புறம் வந்த சத்தத்தை என்னவென்று எழுதுவேன். மேடையில் ஊர்த்தலைவரின் தேநீர் கிளாஸ் தானாக நகர்ந்து நகர்ந்து மேசை ஓரம் போய்க் கீழே விழுந்தது. நாலு ஓடு சரிந்ததாகப் பள்ளிவாசல் தெருக்காரர்கள் இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்கிறார்கள். ஊமை என்று கத்திய அதே வாய்கள் நம் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்தின, ரத்மி கூட்டத்தின் நடுவில் ஆடிக்கொண்டிருந்தாள். நான் பெட்டியை மடியில் வைத்தபடி லாரியிலேயே உட்கார்ந்து ஊர்வலம் முழுக்கப் போனேன், ராணி மாதிரி, ஒற்றைச் செருப்போடு. முதல் பரிசாக ஆடு கொடுத்தார்கள். ஜுமாங்கின் வந்து, "அக்கா, எனக்கும் அந்த ரெண்டு டிஸ்க்கு வித்தையைச் சொல்லித் தாங்க" என்றான். "தர்றேன், டார்ச் லைட்டு பேட்டரி கொண்டா" என்றேன். அடுத்த வருஷத்துக்குக் கமிட்டி அங்கேயே நம்மை உறுதி செய்துவிட்டது.

உன் அப்பா போனில் எப்படியும் சொல்லிக்கொள்ளட்டும். வீட்டுக்கு வந்த பிறகு அவர் என்னிடம், "உன் பையன் அன்னிக்குச் சொன்னப்ப நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார், அதை உன்னிடம் சொல்ல வெட்கப்படுகிறார், எனக்கு வெட்கமில்லை, எழுதிவிட்டேன். நெஞ்சு நிறைந்திருக்கிறது மகனே. நீ அவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அன்றைக்கு லாரியில் என் பக்கத்திலேயே இருந்தாய்.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, தொழிற்சாலையில் காதுக்கு அடைப்பான் போட்டுக்கொள், இந்த வீட்டுக் காதுகளில் மிச்சமிருப்பது உன்னுடையதுதான். அல்லாஹ் உன் கைக்கும் கண்ணுக்கும் குறை வைக்காமல் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. இரட்டை டிஸ்க் இப்போது பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, என் பிஸ்கட் டப்பா காலியாக இருக்கிறது. இன்னொரு இரட்டையை நான் செய்து தருகிறேன் என்று பகியோ தினமும் வந்து நிற்கிறான், உன் அப்பாவும் செய்யச் சொல்கிறார். நான் ஒருவரையும் தொடவிடவில்லை. பெருநாளுக்கு லீவு கேள். டப்பாவைத் துடைத்துத் துணிகளுக்கு அடியில் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறேன், நீ வந்துதான் அதை நிரப்ப வேண்டும்.

லாரியில் ஏறிய உன் அம்மா,
முர்சிதி